அட்டையில் சிரித்தவள்

அந்தப் படத்தில் காயில்காரரின் மனைவி சிரிக்கவில்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. இதே வாக்கியத்தைச் சொல்வதற்காக அந்த மனுஷர் பதினோரு மாதம் நாயாய் அலைந்தார். கேட்டவர்கள் எல்லாரும் மரியாதையாகக் குறித்துக்கொண்டார்கள். காதில் போட்டுக்கொண்டவர் ஒருவரும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால், முகத்தின் இடது பக்கம் மூன்றும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நாளில் ஓய்வெடுத்துக்கொண்டன. இடது கன்னம் தொங்கிப்போக, வலது கன்னம் தனியாளாக எல்லாவற்றையும் மேலே இழுத்துக்கொண்டது. வலது பக்கம் நின்று பார்த்தால், ஏதோ நல்ல செய்தி கேட்டவள்போல் இருப்பாள். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் அவள் சிரித்ததைக் கணவர் விரல்விட்டு எண்ணிவிடுவார். அதிலும் இரண்டு தடவை அவர் வழுக்கி விழுந்ததற்காக.

எரிந்துபோன மோட்டாருக்கும் ஃபேனுக்கும் காயில் கட்டுவது அவர் தொழில். தெருவில் அவருக்குப் பெயரே அதுதான். வீட்டின் முன்னறை கடை, பின்னறை குடித்தனம், நடுவில் ஒரே ஒரு படி. அந்த ஒரு படியை இறங்குவதற்கு அவளுக்குச் சுவரும் கணவரின் தோளும் கால் மணி நேரமும் வேண்டும். இறங்கிவிட்டால் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அவர் செப்புக் கம்பி சுற்றுவதை மேற்பார்வை பார்ப்பாள். அவர் எண்ணிக்கையை விட்டுவிட்டால் அவள் வாயைத் திறந்து கஷ்டப்பட்டு, "எழுபத்திரண்டு" என்பாள். அது எப்போதும் சரியாக இருக்கும்.

அந்தத் தெருவின் மேல் மேம்பாலம் வரப்போவது முடிவாயிற்று. வீடுகளை இடிப்பதற்கு முன்னால், இடித்தால் மனிதர்களுக்கு என்ன ஆகும் என்று எழுதிவைக்க ஓர் அலுவலகம் உண்டு. சமூகத் தாக்க மதிப்பீட்டு அலுவலகம் என்று பெயர். இடிப்பதைத் தடுப்பது அதன் வேலை அல்ல. எழுதுவதுதான் வேலை. அதை அவர்கள் மிக நன்றாகச் செய்தார்கள்.

கணக்கெடுக்க ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு வந்தாள். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு வீடு முடிக்க வேண்டும், வீட்டுக்கு நாற்பத்து மூன்று கேள்வி. அவள் வந்த நேரம் காயில்காரர் ஒரு தண்ணீர் மோட்டாரைக் கொடுக்கப் போயிருந்தார். மனைவி கடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதல் கேள்விக்கு அவள் பதில் சொல்லத் தொடங்கி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. இதற்கும் படிவத்தில் வழி இருந்தது. உடல் குறைபாடு பற்றிய கேள்வியின் கீழே, 'பார்வைக்குத் தெரிந்தால் மட்டும் நிரப்பவும்' என்று போட்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் பார்வைக்கு என்ன தெரியும்? அதைக் காலியாக விட்டாள். முப்பத்தோராவது கேள்வி, 'திட்டம் குறித்து மனநிலை'. அதன் கீழே, 'பதிலளிக்க இயலாதோர்க்கு முகபாவத்தைக் கொண்டு நிரப்பவும்' என்று இருந்தது. அந்தப் பெண் முகத்தைப் பார்த்தாள். வெளிச்சம் வலது பக்கம் இருந்ததால் அவளும் வலது பக்கம்தான் நின்றாள். 'மிகுந்த மகிழ்ச்சி' என்று தொட்டுவிட்டு, ஒரு படமும் எடுத்துக்கொண்டு போனாள்.

காயில்காரர் திரும்பி வந்ததும் மனைவி சொன்னாள், "ஒரு பொண்ணு வந்தா. போட்டோ எடுத்தா."

"நல்லதா போச்சு. உன் நிலைமைய கண்ணால பாத்துட்டுப் போயிருக்காங்க. இனி நாம தனியா சொல்ல வேண்டியதில்ல" என்றார் அவர். பாவம், அரசாங்கத்துக்குக் கண் இருக்கிறது என்று நம்புகிற வயதைத் தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தார்.

ஆறு மாதத்தில் அறிக்கை வந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். சமுதாயக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி, 'மக்கள் பார்வைக்கு' என்று எழுதி வைத்திருந்தார்கள். பார்வைக்கு வைத்திருந்தார்களே தவிர, படிப்பதற்கு வைக்கவில்லை. பக்கம் புரட்ட வேண்டுமென்றால் ஏழு வேலை நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் அட்டை எல்லாருக்கும் தெரிந்தது. 'புன்னகையோடு ஓர் இடமாற்றம்' என்ற தலைப்பு, அதன் கீழே அட்டை நிறையக் காயில்காரரின் மனைவி. கலந்தாய்வுக் கூட்டத்தன்று மேடைக்குப் பின்னால் அதே முகத்தை இரண்டு ஆள் உயரத்துக்கு அச்சடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். காயில்காரர் தன் மச்சினனின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் தம்பி அவன், பேருந்து நடத்துநர். வாய் கொஞ்சம் நீளம்.

"மாமா, அக்காவப் போய் சிரிக்க வெச்சிருக்கானுங்க" என்றான் அவன். "நம்மளால முடியாதத செஞ்சுட்டானுங்க."

அலுவலகத்தின் இயக்குநர் பேசினார். நல்ல குரல், அதைவிட நல்ல மனசு. இரண்டையும் அவரே நன்றாக அறிவார்.

"நண்பர்களே, ஒரு காலத்துல என்ன பண்ணுவாங்க? நேரா வந்து வீட்ட இடிச்சுட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க. உங்க மனசு என்ன பாடுபடும்னு ஒருத்தரும் கேட்டதில்ல. இன்னிக்கு அப்படி இல்ல. உங்க மனசு என்ன பாடுபடும்னு ஆறு மாசம் உட்கார்ந்து, அட்டவணை போட்டு, வரைபடம் போட்டு எழுதியிருக்கோம். அதுக்கப்புறம்தான் இடிக்கிறோம்!"

கைதட்டல் எழுந்தது. முன்வரிசை முழுக்க அலுவலகத்துக்காரர்கள்தான்.

"சில பேர் கேக்கறாங்க, நாங்க எழுதறதால என்னைக்காவது ஒரு வீடு தப்பிச்சிருக்கான்னு. இது கேள்வியே இல்ல. எழுதாம இடிஞ்ச வீடு இருக்கா? அதான் கேள்வி. என் சர்வீஸ்ல ஒண்ணுகூட இல்ல."

ஆட்சேபணைக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். காயில்காரர் எழுந்து நின்றார்.

"ஐயா, அது என் வீட்டுக்காரி. அவ சிரிக்கலைங்க. அது வாதம். கால் வராது. எங்களுக்கு வேற எதுவும் வேண்டாம், புது இடத்துல கீழ்த்தளத்துல ஒரு வீடு குடுங்க. படி ஏற முடியாது அவளால."

இயக்குநர் திரும்பிப் பின்னால் தொங்கிய முகத்தைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். அவர் கண் ஈரமானது.

"பாத்தீங்களா? இதுதான் கலந்தாய்வு. மனசத் திறந்து பேசறாங்க. இத அப்படியே பதிவு பண்ணிக்கோங்க."

அப்படியே பதிவு பண்ணினார்கள். 'அட்டைப் படத்தில் இடம்பெற்றவரின் கணவர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார்' என்று குறிப்பேட்டில் ஏறியது.

ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தபோது அவர்களுக்கு ஐந்தாம் மாடி விழுந்திருந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடம், மாடிக்குப் பதினெட்டுப் படி. மொத்தம் தொண்ணூறு. கீழ்த்தளம் முழுவதும் 'நலிவுற்ற குடும்பங்கள்' பட்டியலில் இருப்பவர்களுக்கு என்று கடிதத்தின் அடியில் போட்டிருந்தது. மனைவி கடிதத்தை வாங்கி, நல்ல கையால் மடியில் விரித்து, படித்தாள். அவளுக்குப் பேச்சுதான் போயிற்று, கணக்கு போகவில்லை.

"ஒரு படிக்குக் கால் மணி நேரம்" என்றாள்.

காயில்காரர் குறைதீர் அதிகாரியைப் பார்க்கப் போனார். இனிமையான மனிதர். வந்தவரை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் இல்லை என்பார்.

"நலிவுற்ற பட்டியல்ல சேக்கணும்னா, அவங்க பாதிக்கப்பட்டவங்களா இருக்கணும்ல? உங்க வீட்டம்மா பயனாளி. அட்டையிலயே இருக்காங்களே."

"அட்டையில தப்பாப் போட்டுட்டாங்க சார்."

"எண்ணூறு பிரதி அச்சடிச்சாச்சு. கடன் குடுக்கற வங்கிக்கே போயாச்சு. இப்ப அவங்களப் பட்டியல்ல சேத்தா, அட்டைக்கும் அந்தப் பட்டியல் இருக்கற நானூத்திப் பதினேழாம் பக்கத்துக்கும் முட்டிக்கும். அட்டையே தப்புன்னா, உள்ள இருக்கறது மட்டும் எப்படி சரியா இருக்கும்னு கேப்பாங்க."

"அதத்தான சார் நானும் கேக்கறேன்."

"அதனாலதான் அட்டை சரி" என்றார் அதிகாரி, டீயை அவர் பக்கம் நகர்த்தியபடி.

காயில்காரர் மருத்துவச் சான்றிதழை எடுத்து நீட்டினார். அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். தேதியைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"அடடா. இது திட்டத்துக்கு முன்னாடியே வந்திருக்கே. நாங்க மதிப்பிடறது திட்டத்தால வர்ற பாதிப்ப மட்டும்தான். இது உங்க சொந்தப் பாதிப்பு. திட்டத்தால வாதம் வந்திருந்தா, தாராளமா பட்டியல்ல இருக்கு."

"இனிமே வந்தா?"

"இனிமே வந்தா கண்டிப்பா வாங்க" என்று அதிகாரி மனதார அழைத்தார்.

ஆனாலும் மனுவைத் தள்ளிவிடவில்லை. எந்த மனுவையும் தள்ளுவது அந்த அலுவலகத்தின் வழக்கம் அல்ல. மறு சரிபார்ப்புக்கு அனுப்பினார். மறு சரிபார்ப்பு, குடியிருந்த அசல் இடத்தில்தான் நடக்க வேண்டும் என்பது விதி. வரிசை எண் வருவதற்குள் அசல் இடத்தை இடித்துவிட்டார்கள். அதனால் விதி ஒன்றும் மாறிவிடாது அல்லவா?

குடும்பம் அப்போது மச்சினன் வீட்டு வராந்தாவில் ஒதுங்கியிருந்தது. குறித்த நாளில் மாமனும் மச்சினனுமாக அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பழைய தெருவுக்குப் போனார்கள். தெரு இல்லை. செங்கல் தூளின்மேல் மஞ்சள் நாடாவை ஒட்டி வீட்டின் அளவைக் காட்டியிருந்தார்கள். கடை இருந்த இடத்தில் ஒரு செவ்வகம், பின்னறை இருந்த இடத்தில் இன்னொன்று. டேப்லெட்டோடு அதே கணக்கெடுப்புப் பெண் நின்றிருந்தாள்.

"நாடாவுக்குள்ள வந்துடுங்க. வழக்கமா எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க" என்றாள்.

வழக்கம்போல் மனைவி செவ்வகத்தில் உட்கார்ந்தாள். வழக்கம்போல் கணவர் பக்கத்தில் நின்றார். மச்சினன் ஒரு செங்கல்லின்மேல் உட்கார்ந்து, "கதவச் சாத்திடவா மாமா, காத்து வருது" என்றான்.

பெண் படிவத்தைப் படித்தாள். "வீட்டுக்குள்ள நடமாட்டம். பின்னறையிலேருந்து கடைக்குப் போக ஏதாவது தடை இருக்கா?"

"படி இருந்துச்சும்மா. அந்த ஒரு படிக்கே கால் மணி நேரம் ஆகும்."

அவள் தரையைப் பார்த்தாள். சமதளம். புல்டோசர் அந்தப் படியையும் சேர்த்து நிரவியிருந்தது. 'தடையில்லா நடமாட்டம்' என்பதைத் தொட்டாள். தொடும்போது அவள் விரல் தயங்கியது, அதையும் சொல்ல வேண்டும்.

காயில்காரர் பொறுமையாகச் சொன்னார். "நான் காயில் கட்டறவன்மா. எரிஞ்ச காயிலப் பிரிக்கறதுக்கு முன்னாடி எத்தன சுத்துன்னு எண்ணி எழுதிக்குவேன். பிரிச்சுப் போட்டுட்டு எண்ணினா அது வெறும் கம்பி. மறுபடி அந்த மோட்டார் ஓடாது."

"எனக்குப் புரியுதுங்க. நான் அன்னிக்கு அவசரப்பட்டுட்டேன். ஆனா இதுல அதுக்கு இடம் இல்ல." குனிந்துகொண்டே திரையைத் தேடினாள். "குறிப்புன்னு ஒண்ணு இருக்கு. நாப்பது எழுத்து எழுதலாம். அம்மா ஏதாவது சொல்றாங்களா?"

மனைவி நிமிர்ந்தாள். உதடு ஒத்துழைக்க நேரம் எடுத்தது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"நான் சிரிக்கல" என்றாள்.

நாற்பது எழுத்துக்குள் அடங்கிவிட்டது. அந்தப் பெண் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அனுப்பினாள். அலுவலகத்தில் அதைப் படித்துச் சொக்கிப்போனார்கள். அட்டையில் அப்படிச் சிரித்துக்கொண்டு, 'நான் சிரிக்கவில்லை' என்கிறாரே! அறிக்கையின் ஒன்பதாம் இணைப்பில், 'பயனாளிகளின் நகைச்சுவை உணர்வு' என்ற தலைப்பில் சேர்த்துக்கொண்டார்கள். மனு நிலுவையில் இருந்தது.

ஐந்தாம் மாடிக்குக் குடிபோனார்கள். இரண்டு பேருமாய் நாற்காலியோடு தூக்கி, மாடிக்கொரு தரம் இறக்கிவைத்து, தொண்ணூறு படி ஏறினார்கள். அவ்வளவுதான், அவள் அதன்பிறகு இறங்கவில்லை. எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏற எவனுக்குப் பைத்தியம்? காயில்காரர் கடையைக் கீழே மாடிப்படிக்கு அடியில் வைத்துக்கொண்டார். மேலே அவள் தனியாக இருந்தாள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ஓர் இரும்புக் குழாய் அவர்கள் சமையலறை வழியாக நேரே கீழே இறங்கி, அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் முடிந்தது. அவளுக்கு வேண்டியதைக் கரண்டியால் அந்தக் குழாயில் தட்டுவாள். இரண்டு தட்டு என்றால் தண்ணீர். மூன்று என்றால் கழிப்பறைக்குப் போக வேண்டும். அவர் கம்பியைப் போட்டுவிட்டுத் தொண்ணூறு படி ஏறுவார். சில சமயம் மூன்று தட்டுக்கு நேரத்தில் போய்ச்சேர முடியாது. அப்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், வலது கன்னம் தெரிய. அது சிரிப்பதுபோலவே இருக்கும். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவர் மாடிப்படியில் உட்கார்ந்து அழுததுண்டு.

வாரம் தவறாமல் குறைதீர் அலுவலகத்துக்கும் போனார். வாரம் தவறாமல் டீயும் கிடைத்தது.

ஏழாம் மாதம் இயக்குநரே நேரில் வந்தார். மாடிப்படிக்கு அடியில் குனிந்து, காயில்காரரின் தோளில் கை வைத்தார்.

"வங்கியிலேருந்து மூணு பேர் வர்றாங்க. அட்டையில இருக்கறவங்களப் பாத்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. நாளைக்கு அம்மாவக் கொஞ்சம் கீழ கொண்டுவந்துடுங்க."

"நீங்க மேல வந்து பாக்கலாமே சார்."

இயக்குநர் அதிர்ந்துவிட்டார். "அஞ்சு மாடியா? வயசானவங்கப்பா. முட்டி வலிக்காரங்க. அவங்களப் போய் படி ஏறச் சொல்றதா? கொஞ்சமாவது மனுஷத்தன்மை வேண்டாமா?"

காயில்காரர் மெல்ல, "இறக்கிட்டு வந்தா கீழ்த்தளம் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

"அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். நானே கவனிக்கறேன்."

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இறக்கினார். மறுநாள் காலையில் அலுவலகமே நான்கு கூலியாட்களை அனுப்பியது. அவளை நாற்காலியோடு பூப்போல இறக்கினார்கள். கட்டடத்தின் முன்னால், வெட்டவெளியில் வைத்தார்கள்.

"நிழல்ல வெக்கலாமே" என்றார் காயில்காரர்.

"படத்துல இருட்டா விழும்."

விருந்தினர்கள் வர இரண்டரை மணி நேரம் தாமதமானது. வெயில் ஏறிக்கொண்டே போனது. அவள் ஒரு தடவை நாற்காலியின் கையைக் கட்டைவிரலால் இரண்டு முறை தட்டினாள். அவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கடைசியில் கார்கள் வந்தன. மூன்று பேரில் ஒருவர் தெரியாமல் அவளுடைய இடது பக்கமாக வந்துவிட்டார். தொங்கிய கன்னத்தையும் வாயோரம் வழிந்த நீரையும் பார்த்து நின்றுவிட்டார். இயக்குநர் அவர் முழங்கையை மென்மையாகப் பிடித்து மறுபக்கம் அழைத்துப்போனார்.

"இந்தப் பக்கமா வாங்க. இங்கேருந்து பாத்தாதான் நல்லாருக்கும்."

காயில்காரர் அதைப் பார்த்தார். அதுவரை, அவர்களுக்குத் தெரியவில்லை, தெரிந்தால் செய்வார்கள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இயக்குநருக்கு எந்தப் பக்கம் எது என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

படம் எடுத்து, கை குலுக்கி, கார்கள் போயின. இயக்குநரும் போனார். கூலியாட்களுக்கு இறக்குவதற்கு மட்டும்தான் உத்தரவாம், அவர்களும் போய்விட்டார்கள். மச்சினன் வேலை முடிந்து வரும்வரை அவள் மாடிப்படி நிழலில் உட்கார்ந்திருந்தாள். கணவர் ஒரு ஃபேன் காயிலைச் சுற்றினார். எண்ணிக்கையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் இருவரும் தூக்கினார்கள். முதல் மாடி, இரண்டாம் மாடி. மூன்றாம் மாடியில் நாற்காலியை இறக்கிவைத்து மூச்சு வாங்கும்போது மச்சினன், "மாமா, அக்கா கையப் பாருங்க" என்றான். நல்ல கை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைத் தொட்டார். இழுத்துப் பிடித்திருந்த வலது கன்னம் விட்டுவிட்டது. முகம் இரண்டு பக்கமும் சமமாகி, வாதம் வருவதற்கு முந்தைய முகமாக இருந்தது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அதில் சிரிப்பு இல்லை. அதைப் படம் எடுக்க யாரும் வரவில்லை.

அவள் போன மூன்றாம் வாரம் குறைதீர் அதிகாரி டீ கொடுத்து, எழுந்து நின்று, அனுதாபம் தெரிவித்தார். பிறகு கோப்பைத் திருப்பி வைத்தார்.

"உங்க மனு பதினோரு மாசமா நிலுவையில இருந்துச்சு. இப்ப முடிஞ்சுது. இங்க ஒரு கையெழுத்து."

'குறை தீர்ந்தது. காரணம்: படி ஏற இயலாதவர் குடும்பத்தில் தற்போது எவருமில்லை' என்று இருந்தது. அதன் கீழே அறிக்கையின் இரண்டாம் தொகுதிக்கான புள்ளிவிவரம்: 'குடும்பத்தில் தலைக்குக் கிடைக்கும் தரைப்பரப்பு இருமடங்காக உயர்ந்துள்ளது.'

"இன்னொரு நல்ல சேதி" என்றார் அதிகாரி, உண்மையான சந்தோஷத்தோடு. "தனியா வாழற மனைவி இழந்தவர் நலிவுற்ற பட்டியல்ல வருவார். உங்களுக்குக் கீழ்த்தளம் கிடைச்சிருக்கு."

காயில்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத அவகிட்ட யார் சார் போய்ச் சொல்றது?" என்று கேட்டார். அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார். காயில்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீயைக் குடிக்காமல், சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

கீழ்த்தள வீட்டின் சமையலறைச் சுவருக்கு மறுபுறம்தான் மாடிப்படி, அந்த இரும்புக் குழாய் வந்து முடிகிற இடம். ஐந்தாம் மாடி வீட்டை மேம்பால வேலையில் கால் போன ஒரு தொழிலாளிக்கு ஒதுக்கினார்கள். திட்டத்தால் வந்த பாதிப்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் பட்டியலை மூடிய பிறகு வந்த பாதிப்பு. அவன் மனைவி பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுவாள். மாடிப்படிக்கு அடியில் முன்பு என்ன நடந்தது என்று கட்டடத்தில் யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு நாள் மதியம் காயில்காரர் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. குழாயில் சத்தம் வந்தது. இரண்டு தட்டு. அவர் கை நின்றது. சற்று நேரம் கழித்து மறுபடியும், சங்கடத்தோடு, மெதுவாக, இரண்டு தட்டு.

கம்பியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, அவர் படியேறத் தொடங்கினார்.